மூன்றாவது இடத்துத் தண்ணீர்

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் லோரியில் கல் ஏற்றப் போய், இருபத்திரண்டில் மண்வாரி இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தவன். ஈப்போவைச் சுற்றி இன்றைக்கு நிற்கிற வீடமைப்புப் பகுதிகளில் பாதிக்கு அடிமண்ணைச் சமப்படுத்தியது இந்தக் கைதான். இப்போது சொந்தமாக மூன்று இயந்திரம், புந்தோங்கில் இரண்டு கடைவீடு, பத்து காஜா டவுனுக்கு உள்ளே தள்ளிப் பதினோர் ஏக்கர் நிலம். அந்த நிலம் ஒரு காலத்தில் துரைமார் வைத்திருந்த ரப்பர் பால்மரக் காடு. இன்று அதற்கு என் பேரில் கிராண்ட் பத்திரம் இருக்கிறது.

அந்தப் பதினோர் ஏக்கருக்குள் மூன்று நாள் வந்து தங்கிவிட்டுப் போன வாத்தியார்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும். நான் நேரில் சொல்லாத ஒரு வார்த்தைகூட இதில் இல்லை.

முதலில், அவர்களை ஏன் உள்ளே விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சும்மா விடவில்லை. நான் சும்மா எதையும் செய்வதில்லை.

என் நிலத்தின் நடுவில் ஓர் ஓடை ஓடுகிறது. மேலே பக்கத்து நிலத்துக்காரரின் டுரியான் மேட்டிலிருந்து இறங்கி, என் எல்லைக்குள் நுழைந்து, என் மீன்குளத்தின் பின்புறமாக வளைந்து, கீழே சாலையோரப் பாலத்துக்கு அடியில் போய்விடும். பாதம் தெரிகிற தண்ணீர். நிலம் வாங்கின புதிதில் அதில்தான் முகம் கழுவுவேன். ஒன்றரை வருடமாக அந்த ஓடை கெட்டுவிட்டது. மழை பெய்த மறுநாள் பார்த்தால் பால் ஊற்றின தே தண்ணீர் மாதிரி ஓடும். கல்லுக்கடியில் இருந்த இறால் எல்லாம் போயிற்று. பாலத்தடியில் தூண்டில் போட வருகிற கம்பத்துக் கிராமத்து ஆட்களும் வருவதை விட்டுவிட்டார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். என் வயதுதான் இருக்கும். அவர் மேட்டில் பழைய மரங்களை வெட்டிப் புதுக் கன்று வைத்ததும் அந்தச் சமயத்தில்தான். மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எனக்கு ஒரு வாத்தியார் வேண்டுமா? நேராகப் போய் வேலியோரம் நின்று கத்தினேன். அவர் தன் மண் இல்லை என்றார். நாற்பது வருடம் மண் வெட்டினவனிடம் மண்ணைப் பற்றிப் பேசுகிறாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அந்த எல்லைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டேன். தெரிந்த விஷயத்தை எதற்குப் போய்ப் பார்ப்பது? முழங்காலும் ஒத்துழைப்பதில்லை.

கம்பத்துத் தலைவரான பங்குளுவிடம் புகார் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் ஏதாவது கொண்டு வா என்றார். தண்ணீரை அளந்து, படித்தவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தால் மேலே அனுப்பி, அந்தப் பெரியவரின் மேட்டு வேலையை நிறுத்த ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அந்த வேலை நின்றால் பெரியவருக்கு அந்த வருடத்துக் கன்று அத்தனையும் வீண். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

இந்த நேரத்தில்தான் பயிற்சி அதிகாரி என்று ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் களப்பயிற்சி. வகுப்பறையில் அறிவியலைப் புத்தகத்தில் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏறவில்லையாம். ஆகவே ஆசிரியர்கள் முதலில் தாங்களே மண்ணைத் தொட்டு, தண்ணீரில் இறங்கி, கையால் செய்து கற்க வேண்டுமாம். அதற்கு ஓடையும் காடும் உள்ள இடம் வேண்டும். நான் காசு வேண்டாம் என்றேன். அவர் கண் விரிந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஓடையில் மூன்று இடத்தில் தண்ணீரை அளக்க வேண்டும், மூன்றாவது இடம் கட்டாயம் மேலே என் எல்லையில், தண்ணீர் உள்ளே நுழைகிற இடமாக இருக்க வேண்டும், கணக்கில் ஒரு பிரதி எனக்குத் தர வேண்டும். அவர் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற ஆள் அவர். முதல் நாள் குறித்ததை இரண்டாம் நாள் பார்க்கிற ஆள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இருபது பேர் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை. இறங்கினதும் முதல் வேலையாகப் பதாகையைக் கட்டினார்கள். இரண்டு மரத்துக்கு நடுவில் அதைக் கோணலில்லாமல் கட்ட அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிவிடுவேன். கட்டி முடித்ததும் அதன் கீழ் நின்று கட்டை விரலைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் யாரும் எதையும் செய்யவில்லை. ஆனால் செய்ததற்கு அத்தாட்சி வந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் அப்படித்தான். மண்ணைத் தொடுவதற்கு முன்னால் தொடுகிற மாதிரி ஒரு படம். தொட்ட பிறகு கையில் தடவ ஒரு போத்தல் மருந்து. பக்கத்து டவுன் கடைக்கார பாய் நாசி கண்டார் சோறு கொண்டு வந்து இறக்கின நேரம் மட்டும் யாரும் படம் பிடிக்கவில்லை. அந்த ஒரு வேலையில்தான் எல்லாரும் முழு மனதோடு கலந்துகொண்டார்கள்.

மண் பாடம் ஒன்று நடந்தது. ஈரமண்ணை உருட்டி, கட்டை விரலால் நசுக்கி நாடா மாதிரி இழுக்க வேண்டும். நாடா எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு களிமண். அதிகாரி சுவரொட்டி மாதிரி ஒரு படத்தை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதே காரியத்தைப் படமில்லாமல் ஆயிரம் தரம் செய்திருக்கிறேன். ஒரு கட்டி மண்ணைப் பல்லில் வைத்துக் கடித்தால் எனக்குத் தெரிந்துவிடும், இதன் மேல் கான்கிரீட் நிற்குமா உட்காருமா என்று. ஒரு வாத்தியார், பெரிய பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராம், மண்ணை இரண்டு விரலால் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். நாடா வரவில்லை. பக்கத்தில் இருந்தவரின் நாடாவை அளந்து தன் தாளில் எழுதிக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அட்டைக்குப் பயந்த கதையையெல்லாம் எழுதினால் இடம் போதாது. காலுறைமேல் காலுறை, அதன்மேல் பிளாஸ்டிக் பை. ஒரு டீச்சர் அட்டை என்று நினைத்து ரப்பர்ப் பட்டையை உதறிவிட்டு மயங்கப் பார்த்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஓடைப் பாதை பாதுகாப்பாக இருக்கிறதா என்று அதிகாரி என்னைக் கேட்டார். போய்ப் பார்த்தேன். மூன்றாவது இடத்துக்குப் போக வேண்டுமானால் குளத்துக்கு மேலே ஓரிடத்தில் ஓடையைத் தாண்டி அக்கரை வழியாக ஏற வேண்டும். இக்கரை முழுக்க முள். தாண்ட நான் போட்டிருந்த பலகையின் ஒரு முனை உளுத்திருந்தது. யாராவது படித்த மனிதர் விழுந்து வைக்கப் போகிறார் என்று அதை இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டேன். காலையில் புதுப் பலகை அறுத்துப் போடலாம் என்று எண்ணம். அன்றிரவு நல்ல மழை. காலையில் இயந்திரம் ஒன்று ஈப்போவில் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. நான் கிளம்பிப் போய்விட்டேன். பலகை ஞாபகம் வந்தபோது மணி பன்னிரண்டு. சரி, வழியில்லாவிட்டால் கூப்பிடுவார்கள், என் எண் அதிகாரியிடம் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

நான் திரும்பி வந்தபோது எல்லாரும் கூடாரத்துக்குள் இருந்தார்கள். தண்ணீர் அளந்தாயிற்றா என்று கேட்டேன். அதிகாரி எல்லாம் அருமையாக முடிந்தது என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். புதுப் பலகை அறுக்க வேண்டிய அவசரம் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போய்ப் படுத்தேன். அவர்கள் எப்படியோ வேறு வழி கண்டுபிடித்திருப்பார்கள், கூட்டத்தில் ஒருவராவது மூளைக்காரர் இருப்பார் என்று நம்பினேன். வாத்தியார்களைப் பற்றி நான் நல்லபடியாக நினைத்தது அந்த ஒரு ராத்திரிதான்.

மூன்றாம் நாள் நிறைவு விழா. முந்தின இரவும் மழை பெய்திருந்தது. ஓடை கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். நிலத்துக்காரர் என்ற முறையில் என் கையால் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. கூடாரத்தில் நான்கு மாஜோங் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் வாத்தியார்கள் எந்தக் கூட்டம் போட்டாலும் அந்தப் பெரிய வெள்ளைத் தாள் இல்லாமல் நடக்காது. நான்கு குழு, நான்கு தாள், ஒவ்வொன்றிலும் ஓடைக் கணக்கு. பூவெல்லாம் வரைந்து அழகு படுத்தியிருந்தார்கள்.

எனக்கு எண் படிக்க வரும். தமிழும் படிப்பேன். நான் மற்றதை விட்டு நேராக மூன்றாவது இடம் என்று எழுதின வரிசைக்குப் போனேன். முதல் தாளில் எண் இருந்தது. இரண்டாவதில் அதே எண். மூன்றாவதிலும் அதே எண். தண்ணீர் தெளிவு என்று பக்கத்தில் எழுதி ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. நான்காவது தாளில் அந்தக் கட்டத்தில் எண் இல்லை. அளக்கவில்லை என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தது. கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

நான் அதிகாரியைக் கேட்டேன், மூன்றாவது இடத்துக்கு எப்படிப் போனீர்கள் என்று. நடந்து போனார்கள் என்றார். ஓடையை எப்படித் தாண்டினார்கள் என்று கேட்டேன். பலகை வழியாக என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"பலகை என் கொட்டகையில இருக்கு," என்றேன். "முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து."

பூனைக்குட்டி மண் பிடித்த துணைத் தலைமையாசிரியர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் நாள் கொடுத்த கோப்பில் அட்டவணையை எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி அட்டவணை இருந்திருக்கிறது. வேறெங்கோ, வேறெந்த ஓடையிலோ, எவரோ அளந்த எண்கள். மழை ஈரம், வழுக்கல், அட்டை. மூன்று குழு ஓடைப் பக்கமே போகவில்லை. கூடாரத்திலேயே உட்கார்ந்து மாதிரியைப் பார்த்து நிரப்பிவிட்டார்கள். முதல் இடமும் இரண்டாவது இடமும்கூட அப்படித்தான். இருபதடி தள்ளி ஓடை கலங்கி ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் தாளில் மீன் சிரிக்கிறது. நான்காவது குழு மட்டும் கீழே இரண்டு இடத்தில் அளந்துவிட்டு, மேலே போய்ப் பலகை இல்லாததைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அதிகாரி குரலைத் தாழ்த்தி, அறிக்கையில் காலிக் கட்டம் இருந்தால் மேலிடத்தில் கேள்வி வரும் என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லாமே இப்போது அப்படித்தானாம். நிகழ்ச்சி நடக்கும் முன்பே ஒரு பக்க அறிக்கை தயாராகிவிட வேண்டுமாம். படம் ஒட்டுவதுதான் பாக்கி இருக்குமாம். ஆசிரியர்களைக் குற்றம் சொல்லாதீர்கள், அவர்களுக்கு அந்தப் பழக்கம் ஊறிவிட்டது என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் கரையில் ஓர் அடி கணக்குத் தப்பினால் வீடு சரியும். இவர்கள் வேலையில் எதுவுமே சரிவதில்லை போலிருக்கிறது.

அளக்கவில்லை என்று எழுதினது யார் என்று கேட்டேன். பின் வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். சுங்காய் பக்கம் ஒரு சின்னத் தோட்டப் பள்ளியிலிருந்து வந்தவர். மூன்று நாளும் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய குழுக்காரர்களே அவரை முறைத்தார்கள். அந்த ஒரு கட்டத்தால் தங்கள் தாளுக்குத்தான் பரிசு இல்லாமல் போயிற்று என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மூன்றாவது இடத்தை அளக்காமல் என் கையால் ஒரு சான்றிதழும் போகாது என்றேன். நாலு மணிக்குப் பேருந்து என்றார் அதிகாரி. மணி இரண்டுதான் ஆகிறது என்றேன். யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். அந்த டீச்சர் மட்டும் அளக்கிற குழாயை எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைநீளத்துக்கு ஒளி ஊடுருவுகிற குழாய். அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வட்டம். தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். வட்டம் எப்போது மறைகிறதோ அப்போது நிறுத்தி, எத்தனை உயரம் என்று பக்கத்துக் கோட்டில் படிக்க வேண்டும். கலங்கின தண்ணீர் என்றால் கொஞ்சம் ஊற்றினதுமே மறைந்துவிடும். அவ்வளவுதான். நல்ல கருவி. நானே கண்டுபிடித்திருக்கலாம்.

நான் கொட்டகையில் கிடந்த வேறொரு பலகையை இழுத்துப் போட்டேன். முழங்கால் கடகடத்தது. அக்கரை ஏறி, லாலாங் புல்லை விலக்கிக்கொண்டு எல்லை வரைக்கும் போனோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நிற்கிறேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இதோ, படித்தவர் கையால், கருவியில், எழுத்தில் வரப்போகிறது. பங்குளு மேசையில் இந்தத் தாளை எப்படி வைக்க வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

டீச்சர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். காலில் அட்டை ஏறினதை விரலால் சுண்டிவிட்டு வேலையைப் பார்த்தார். குழாயை நிரப்பினார். வாய்வரைக்கும் நிரம்பிவிட்டது. வட்டம் மறையவில்லை. மறுபடி எடுத்தார். மறையவில்லை.

ஒரு தரம் பார்த்தால் போதாதா என்றேன்.

"மூணு தரம் பாக்கணும் அண்ணே. ஒண்ண நம்ப முடியாது," என்றார்.

மூன்றாவது தரமும் மறையவில்லை. நானே குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். கூழாங்கல்லை எண்ணலாம் போல இருந்தது. இரண்டு ராத்திரி மழைக்குப் பிறகு, அந்தப் பெரியவரின் மேட்டிலிருந்து நேராக இறங்கி வருகிற தண்ணீர். மேலே பார்த்தேன். கன்றுகளுக்கு நடுவில் மண்ணே தெரியாதபடி கொடி படர்ந்திருந்தது. மண்ணைப் பிடிக்கிற கொடி. நான் சாலை வேலையில் போடச் சொல்கிற அதே கொடி.

மண் அடியில் படிந்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும் என்றேன். டீச்சர் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு தண்ணீருக்குள்ளேயே கீழ் நோக்கி நடக்க ஆரம்பித்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று குழாயை நிரப்பினார். தெளிவு. தெளிவு. தெளிவு. நான் கரையோடு முள்ளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கோப்பிலும் இருந்திருக்காது.

ஓடை வளைகிற இடம் வந்தது. என் மீன்குளத்தின் பின்புறம். அங்கே குழாயில் நாலு விரல்கடைத் தண்ணீர்தான் ஊற்றினார். வட்டம் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். குளத்துக் கரையின் வெளிப்பக்கம் என் தொடை அகலத்துக்கு அரித்திருந்தது. அதன் வழியாக வெள்ளைக் களிமண் கஞ்சி மாதிரி ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மண்ணைக் கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பழைய ஈயம் தோண்டின குட்டைப் பக்கமிருந்து நான் லோரியில் கொண்டு வந்து கொட்டின மண். ஒன்றரை வருடத்துக்கு முன் குளத்தைப் பெரிசாக்கினபோது நானே இயந்திரத்தில் உட்கார்ந்து எழுப்பின கரை. உள்பக்கத்தைத் தட்டிப் பளிங்கு மாதிரி வைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் முள்ளுக்காடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு பத்தைப் புல்கூட வைக்கவில்லை. இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தவனுக்குக் கரையின் உள்பக்கம்தான் தெரியும். ஊரார் வேலையில் இறங்கி நடந்து பார்ப்பேன். என் சொந்த வேலையில் இறங்கவில்லை.

"இது யாரோட கரை அண்ணே?"

குத்திக் கேட்கவில்லை. தாளில் எழுத வேண்டியதற்காகக் கேட்டார். அவருக்கு நிலத்தின் எல்லை தெரியாது. நான் வேறு பெயர் சொல்லியிருந்தால் அதை எழுதிக்கொண்டிருப்பார். பேச்சை மாற்ற எனக்குத் தெரியாதா? குத்தகைக்காரர்களையும் அதிகாரிகளையும் எத்தனை பேரை மாற்றிவிட்டிருக்கிறேன். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இருபது பேரைப் பொய் எண்ணுக்காக நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"என்னோடதுதான்," என்றேன்.

எழுதிக்கொண்டார். இன்னும் இரண்டு தரம் குழாயை நிரப்பினார். மூன்று தரம் ஆக வேண்டுமே.

நாங்கள் திரும்பி வந்தபோது பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. பதாகை இறங்கிவிட்டது. நான் போனதும் அதிகாரி தன் கையாலேயே சான்றிதழை எல்லாருக்கும் கொடுத்து, கூட்டப் படமும் எடுத்து முடித்திருந்தார். மாஜோங் தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவது தாளை விரித்துக் காட்டச் சொன்னேன். அளக்கவில்லை என்ற வார்த்தையின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, அதே எண்ணை எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மீனும் வரைந்திருந்தார்கள்.

டீச்சர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் இதை நிறையப் பார்த்தவர் போலிருந்தது. தன் கையில் இருந்த நனைந்த தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"நீங்க வச்சுக்குங்கண்ணே. அவங்ககிட்ட குடுத்தா இதுக்கும் மீனு போட்டுருவாங்க லா," என்றார்.

மற்றவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய சான்றிதழை யாரோ சன்னல் வழியாக நீட்டினார்கள். வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினார். சேறு பூசின காலோடு ஏறுகிறார் என்று உள்ளே யாரோ முகம் சுளித்ததையும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பெரிய இயந்திரத்தை இறக்கினேன். ஓட்டுநர் தானே செய்வதாகச் சொன்னார். விடவில்லை. நான் கட்டின கரை, நான்தான் வெட்டுவேன். அரித்த இடத்தை அடிவரைக்கும் தோண்டி, நல்ல செம்மண்ணைப் போட்டு, அடுக்கடுக்காக அழுத்தி, வெளிப்பக்கம் முழுக்கப் புல்பத்தை பதித்தேன். நான்கு நாள் வேலை. பேராக்கிலேயே இப்படி ஒரு கரை இருக்காது, யாரை வேண்டுமானாலும் கூட்டி வந்து காட்டலாம்.

இரண்டாம் நாள் சத்தம் கேட்டு அந்தப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். மண் என்னுடையதுதான் என்று மலாயில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தனக்குத் தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேனே, நீதான் நாற்பது வருடம் என்று ஏதோ சொன்னாய் என்றார். இயந்திரத்தைக் கிளப்பினேன். அவரும் கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பங்குளுவிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். அளந்தாயிற்று, மண் என் குளத்து மண் என்றேன். தாளைக் காட்டவா என்றேன். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். எனக்கு எதிராக நானே தாள் கொண்டு வந்ததை அவர் எந்தக் கோப்பில் வைப்பார், பாவம்.

மூன்று வாரம் கழித்துப் பயிற்சி அறிக்கை வாட்ஸ்அப் புலனத்தில் வந்தது. மகளைப் படிக்கச் சொன்னேன். முப்பது பக்கம். இருபத்தாறு பக்கம் படம். ஓடை மூன்று இடத்திலும் தூய்மையாக இருப்பதாகவும், நிலத்தின் உரிமையாளர் சுற்றுச்சூழலை மிகச் சிறப்பாகப் பேணி வருவதாகவும் எழுதியிருந்தார்கள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்ற படமும் இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் உடனே விளங்கியது. ஒன்றரை வருடம் என் ஓடையில் மண்ணை விட்டவன் நான். இந்த அறிக்கை என்னைக் காப்பாற்றுகிறது. இருபது வாத்தியார் கையெழுத்தோடு. இதை நான் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. என் முகத்தில் வேறு யாரோ வந்து பவுடர் பூசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. நான் எனக்கு நானே சம்பாதித்துக்கொண்ட நல்ல பேர் எவ்வளவோ இருக்கிறது. இவர்கள் பொய்யில் இருந்து எடுத்துக்கொள்கிற அளவுக்கு எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

அதிகாரியைக் கூப்பிட்டேன். அறிக்கையில் தப்பு இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். எந்தப் பக்கம் என்றார். ஓடைக் கணக்கு என்றேன். அவர் குழம்பினார்.

"ஐயா, அது உங்களுக்கு நல்லாத்தானே வந்திருக்கு?"

"அதான் தப்பு. ரெண்டாவது எடத்துலயும் மொதல் எடத்துலயும் தண்ணி கெட்டுப் போச்சுன்னு எழுதுங்க. மேல சுத்தம்னு எழுதுங்க. காரணம் என் குளத்துக் கரைன்னு போடுங்க."

அவர் மெதுவாக விளக்க ஆரம்பித்தார். அறிக்கை மேலே போய்விட்டது, எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மாற்றினால் இருபது பேரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள் என்றார். என் நிலம் சுத்தமாக இருக்கிறது என்று அவர் சாதிக்கிறார், அசுத்தமாக இருந்தது என்று நான் சாதிக்கிறேன். பக்கத்தில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் டீச்சர் எழுதின தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். மேலே மூன்று தரம், வளைவில் மூன்று தரம். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். குறித்துத்தான் இருப்பார்.

பேச்சை முடிக்கும் நேரத்தில், அடுத்த வருடமும் பயிற்சிக்கு என் இடத்தையே கேட்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார். இடம் மிகவும் வசதியாக இருந்ததாம்.

தருகிறேன், காசு வேண்டாம், ஆனால் பயிற்சியை அந்தச் சுங்காய் டீச்சர்தான் நடத்த வேண்டும், பதாகையும் மாதிரி அட்டவணையும் என் வாசலுக்குள் வரக்கூடாது என்றேன். அந்த டீச்சருக்கு அதற்கான தகுதிச் சான்றிதழ் இல்லையே என்றார் அவர். எனக்கும்தான் இல்லை என்றேன்.

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே இருப்பவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.